பூட்டுகளின் பட்டியல்: ஒரு விமர்சனம்

ஒரு பூட்டுக் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். கடைக்காரர் ஐந்தாறு பூட்டுகளை வரிசையாக எடுத்து வைக்கிறார். அவற்றில் இரண்டு, கொண்டை ஊசியால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடக் கூடியவை. இது கடைக்காரருக்குத் தெரியும். பூட்டைச் செய்தவருக்குத் தெரியும். ஊரிலுள்ள திருடர்களுக்கும் தெரியும். தெரியாதவர் நீங்கள் ஒருவர்தாம். "எது வேண்டுமோ எடுத்துக் கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் கடைக்காரர் வாய் திறப்பதில்லை. அந்தக் கடையைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

இத்தகைய கடை ஒன்று உங்கள் வீட்டுக் கூடத்திலேயே, சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கக் கூடும். வைஃபை தரும் ரௌட்டரைத்தான் சொல்கிறேன். அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கம்பியில்லா இணைப்பின் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பட்டியல் விரியும். பூட்டே இல்லை, டபிள்யூ.இ.பி., டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.2, முன்னிரண்டும் கலந்தது, புதிய பெட்டியானால் டபிள்யூ.பி.ஏ.3. சில ஆண்டுகள் பழைய பெட்டிகளில் இவை அருகருகே, ஒரே அளவு எழுத்தில், சரிசமமாக நிற்கும். எது நல்லது, எது கெட்டது என்று ஒரு வரி விளக்கம்கூட இராது.

புத்தகத்தை விமர்சிக்கிறோம், நாடகத்தையும் திரைப்படத்தையும் விமர்சிக்கிறோம். எத்தனையோ வீடுகளில் இருக்கும் இந்த ஒரு பக்கத்தை யாரும் விமர்சிப்பதில்லை. அந்த வேலையை இங்கே செய்து பார்ப்போம். என் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான். இந்தப் பட்டியல் பெயர்களைச் சொல்கிறது, விளைவுகளைச் சொல்வதில்லை. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் தலையில் ஏற்றுகிறது. தேர்ந்தெடுக்கத் தேவையான செய்தியை அவருக்குத் தருவதில்லை.

சுவருக்கு அடங்காத அலை

"வாசற்கதவைத்தான் பூட்டியிருக்கிறேனே, அலைக்கு எதற்குப் பூட்டு?" என்று நீங்கள் கேட்கலாம். வைஃபை பெரும்பாலும் பயன்படுத்தும் அலைகளில் ஒன்றின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இந்த அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்று வரும். செங்கற்சுவர் இந்த அலையின் ஆற்றலில் ஒரு பங்கை விழுங்குமே தவிர, முழுவதையும் தடுப்பதில்லை. ஜன்னல் கம்பிகளின் இடைவெளியும் இதற்குத் தாராளமாகப் போதும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அதிர்வெண்ணில்தான் இயங்குகிறது. அதன் கதவில் உள்ள உலோக வலையின் கண்கள், அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியவை. அதனால்தான் அலை அங்கே அடைபட்டுக் கிடக்கிறது. நம் வீடு அப்படி வலை பின்னிய வீடு அன்று.

ஆகவே உங்கள் வீட்டுச் செய்திகள் மாடிப்படிக்கும், அடுத்த வீட்டுக்கும், தெருவுக்கும் போய்க் கொண்டேதான் இருக்கும். அலையைத் தடுக்க முடியாது. அதில் ஏறிச் செல்லும் செய்தியைப் பிறருக்குப் புரியாத சங்கேதமாக மாற்றத்தான் முடியும். பட்டியலில் உள்ள பெயர்கள் எல்லாம் அப்படி மாற்றும் வெவ்வேறு முறைகள்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்? 2008 ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில நிமிடங்கள் முன்னர், செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட இணைய முகவரியைத் தேடிச் சென்ற போலீசார், நவி மும்பையில் ஒரு வீட்டின் கதவைத் தட்டினர். அங்கே குடியிருந்தவருக்கும் அந்த அஞ்சலுக்கும் தொடர்பில்லை. அவருடைய வைஃபை இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். மறு ஆண்டே, 2009இல், மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வைஃபை இணைப்புகளின் பாதுகாப்பைப் பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவுகள் விடுத்தது. அலையின் முகவரி உங்கள் பெயரில் இருக்கிறது. கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும்.

128 சொன்ன பொய்

பட்டியலில் மூத்தது டபிள்யூ.இ.பி. 1997ஆம் ஆண்டு வெளிவந்த 802.11 என்னும் கம்பியில்லா வலைத் தரத்தோடு கூடவே பிறந்தது. இதில் 64 பிட், 128 பிட் என்று இரு வகை உண்டு. 128 பெரிது; ஆகவே அதுவே வலிமையானது என்று எண்ணத் தோன்றுகிறது அல்லவா? இந்த எண்ணைச் சற்று உரித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, 128 முழுவதும் இரகசியம் அன்று. அதில் 104 பிட் மட்டுமே இரகசியத் திறவு. மீதி 24 பிட், ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தின் தலையிலும் வெளிப்படையாகவே எழுதிச் செல்லும் ஓர் எண். ஊரறிய எழுதி ஒட்டிய எண்ணையும் பூட்டின் வலிமையில் சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள்!

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அந்த 24 பிட் எண் எதற்காக? ஒவ்வொரு பொட்டலத்தையும் வெவ்வேறு திறவால் மறைப்பதற்காக. ஒரே திறவால் இரண்டு செய்திகளை மறைத்தால் என்ன நேரும் என்று ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். உண்மை எண் 3. திறவு எண் 9. கூட்டி 12 என்று அனுப்புகிறீர்கள். அடுத்த உண்மை எண் 5. அதே திறவைக் கூட்டி 14 என்று அனுப்புகிறீர்கள். ஒட்டுக் கேட்பவர் 14இலிருந்து 12ஐக் கழிக்கிறார். விடை 2. திறவு எண் தானாகவே மறைந்து போய், இரு உண்மை எண்களின் வித்தியாசம் கையில் கிடைத்துவிட்டது. ஒன்றை ஊகித்தால் மற்றது தானே வெளிவரும். டபிள்யூ.இ.பி. செய்யும் கணக்கு சாதாரணக் கூட்டல் அன்று. என்றாலும் இந்த விஷயத்தில் குணம் ஒன்றுதான்.

24 பிட்டில் எழுதக் கூடிய எண்கள் 1,67,77,216. பெரிய எண் போல் தோன்றுகிறதா? அக்கால வைஃபையின் வேகமான விநாடிக்கு 11 மெகாபிட்டில், 1,500 பைட் கொண்ட பொட்டலங்களாகத் தொடர்ந்து அனுப்பினால், ஐந்து மணி நேரத்தில் எல்லா எண்களும் தீர்ந்து போகும். அப்புறம் பழைய எண் மறுபடி வந்தே தீர வேண்டும். எண்களைக் கண்டபடி பொறுக்கி எடுத்தால் அவ்வளவு நேரமும் தேவையில்லை. 23 பேர் உள்ள வகுப்பில் இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருக்க, பாதிக்குச் சற்று மேலேயே வாய்ப்பு உண்டு என்று நீங்கள் படித்திருக்கலாம். அதே கணக்குப்படி, 5,000 பொட்டலங்கள் போவதற்குள் ஏதோ ஓர் எண் இருமுறை வர பாதி வாய்ப்பு இருக்கிறது. மேற்சொன்ன வேகத்தில் அது ஐந்தாறு விநாடி வேலை.

போரிசோவ், கோல்ட்பர்க், வாக்னர் என்ற மூவர் 2001இல் இந்தக் குறைகளை விளக்கி எழுதினர். அதே ஆண்டில் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் என்ற வேறு மூவர் இன்னும் ஆழமான ஓட்டையைக் காட்டினர். சேகரித்த பொட்டலங்களிலிருந்து இரகசியத் திறவையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்றனர். மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நல்ல பூட்டில் திறவின் நீளத்தை ஒரு பிட் கூட்டினால் திருடனின் வேலை இரட்டிக்கும். 64 பிட் கூட்டினால் 64 முறை இரட்டிக்கும். கற்பனைக்கும் எட்டாத பெருக்கம். ஆனால் இந்த மூவர் காட்டிய வழியில், திருடனின் வேலை திறவின் நீளத்துக்கு நேர் விகிதத்தில்தான் வளர்கிறது. 40 பிட்டை 104 பிட் ஆக்கினால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, அவ்வளவே! 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆராய்ச்சியாளர்கள், 104 பிட் திறவை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினர்.

இது ஏட்டில் நின்ற குறை அன்று. டி.ஜே.எக்ஸ். என்னும் அமெரிக்கக் கடைத்தொடர் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்கள் களவு போனதை 2007 ஜனவரியில் வெளியிட்டது. நிறுவனமே ஒப்புக் கொண்ட கணக்கு 4 கோடியே 57 லட்சம் அட்டைகள். அது டபிள்யூ.இ.பி.யை விட்டு மாறுவதில் தாமதித்ததைக் கனடாவின் தனியுரிமை ஆணையர்கள் அதே ஆண்டில் தம் அறிக்கையில் குறை கூறினர். குறை அம்பலமாகி ஆறு ஆண்டுகள் ஆன பின்பு வந்த அறிக்கை அது.

இடைக்காலப் பூட்டும் நிலையான பூட்டும்

டபிள்யூ.இ.பி. உடைந்ததும் அவசரமாக ஒரு மாற்று தேவைப்பட்டது. விற்றுப்போன கோடிக்கணக்கான கருவிகளைத் தூக்கி எறிய முடியாது. அந்தக் கருவிகளிலேயே, மென்பொருளை மட்டும் மாற்றி ஓட்டக் கூடியதாக 2003இல் வந்ததே டபிள்யூ.பி.ஏ. அதன் சங்கேத முறைக்கு டி.கே.ஐ.பி. என்று பெயர். ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் போட்டது போல என்று சொல்லலாம். நல்ல தார்ப்பாய்தான், ஆனால் தார்ப்பாய்தான்.

2004இல் முறையான கூரை தயாராயிற்று. அதுவே டபிள்யூ.பி.ஏ.2. இதில் ஏ.இ.எஸ். என்னும் வலிமையான சங்கேத முறை பயன்படுகிறது. 2006 மார்ச் முதல் வைஃபை முத்திரை பெறும் புதிய கருவிகள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயமாயிற்று. அப்படியிருக்க, பட்டியலில் 'கலந்தது' என்ற வரி எதற்காக? அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கருவியும் சேரும், புதிய கருவியும் சேரும். பார்வைக்கு மிகவும் தாராளம். ஆனால் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் செய்திகள், அங்கே இருப்பதிலேயே பலவீனமான முறைக்கு இறங்கிவிடுகின்றன. பட்டியல் இதைச் சொல்வதில்லை. பழைய முறைகளோடு 802.11என் என்னும் தரத்தின் உயர்ந்த வேகம் கிடைக்காது என்பதையும் சொல்வதில்லை. "நெட் மெதுவாக இருக்கிறது" என்று அலுத்துக் கொள்ளும் வீடுகளில், காரணம் இந்த ஒரு வரியாகவும் இருக்கலாம்.

டபிள்யூ.பி.ஏ.2 குறையே இல்லாததா? அதுவும் இல்லை. 2017இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வான்ஹூஃப், பீசென்ஸ் இருவரும் ஒரு தவற்றைக் கண்டனர். இணைப்புத் தொடங்கும்போது நடக்கும் கை குலுக்கலில் ஒரு செய்தியைத் திரும்ப அனுப்ப வைத்தால், கருவி பழைய திறவையே மறுபடி பொருத்திக் கொண்டு, பொட்டல எண்ணைத் தொடக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்தது. அதாவது, எண் திரும்ப வந்தது! 1997இன் பிழை இருபது ஆண்டு கழித்து வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. டபிள்யூ.இ.பி.யைத் திருத்த முடியவில்லை. இதை மென்பொருள் திருத்தத்தால் அடைக்க முடிந்தது. திருத்தத்தை ஏற்றாத கருவிகளில் மட்டும் ஓட்டை அப்படியே இருக்கிறது.

வசதி என்னும் ஓட்டை

பக்கத்தின் ஓரத்தில் டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வசதி இருக்கலாம். நீண்ட பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்யச் சோம்பல்படுவோருக்கு எட்டு இலக்க எண் ஒன்று. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி எண்கள். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் கொண்டு கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே 1 கோடிதான். போகட்டும், அதுவே போதும் என்பீர்கள். 2011 டிசம்பரில் வீபெக் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டது இது: பெட்டி இந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, முதல் பாதி தவறென்றால் அப்போதே தெரியும்படி நடந்து கொள்கிறது. முதல் நான்கு இலக்கத்துக்கு 10,000 முயற்சி. அடுத்த மூன்றுக்கு 1,000. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் வந்துவிட்டது! மொத்தம் 11,000. ஒரு முயற்சிக்கு 2 விநாடி என்றாலும் ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முன்வாசலில் எத்தனை உயர்ந்த பூட்டுப் போட்டாலும், இந்தக் கொல்லைக் கதவு திறந்திருந்தால் பயன் என்ன?

என் வீட்டுப் பூட்டு

பிறரைக் குறை சொல்லும்போது என்னையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் பெட்டியை மாட்டிய இளைஞர், என் கைபேசி எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டார். "ஞாபகம் வைத்துக் கொள்ள லேசு, சார்" என்றார். வகுப்பில் நிகழ்தகவு நடத்துகிற நான் தலையை ஆட்டினேன். இரண்டு ஆண்டுகள் அப்படியே விட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்கிட்டபோதுதான் உறைத்தது.

டபிள்யூ.பி.ஏ.2இல் திருடன் உங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு பாஸ்வேர்டாக முயல வேண்டியதில்லை. ஒருமுறை கை குலுக்கலைப் பதிவு செய்து கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே ஆற அமர ஊகித்துப் பார்க்கலாம். ஒவ்வோர் ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்கு போட வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் தடை வைத்திருக்கிறார்கள். அப்படியும், படக்காட்சிக்கான ஒரு நவீன கணினி அட்டை விநாடிக்குப் பல லட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும். 5 லட்சம் என்றே வைத்துக் கொள்வோம். நம் நாட்டுக் கைபேசி எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்தம் 400 கோடி எண்கள். 5 லட்சத்தால் வகுத்தால் 8,000 விநாடி. இரண்டே கால் மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு சினிமா பார்க்கும் நேரத்தில் என் பூட்டு திறந்துவிடும். என் எண் தெரிந்தவருக்கோ ஒரு விநாடியே போதும்.

இதற்கு மாற்று கடினமன்று. 2,000 சாதாரணச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து, கண்ணை மூடிக் கொண்டு ஐந்து சொற்களைத் தொட்டு எடுங்கள். சீட்டுக் குலுக்கியும் எடுக்கலாம். அவற்றை ஆங்கில எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் அதுவே பாஸ்வேர்டு. அதே கணினி அட்டை எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் ஆகும். ஆனால் சொற்களைக் குலுக்கல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளை பெயர், பிறந்த ஆண்டு என்று நம் மனம் தேர்ந்தெடுப்பதைத் திருடனும் முதலிலேயே தேர்ந்தெடுப்பான்.

2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3, வீட்டுக்கு எடுத்துப் போய் ஊகிக்கும் இந்த வழியை அடைக்கவே வடிவமைக்கப்பட்டது. மறு ஆண்டே அதன் சில கருவிகளிலும் குறை கண்டு திருத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டபிள்யூ.பி.ஏ.2, 3 இரண்டையும் கலந்து வைத்தால், பழைய முறையில் சேரும் கருவி வழியாக ஊகிக்கும் வழி திறந்தே இருக்கும். ஆகவே அங்கும் நல்ல பாஸ்வேர்டு அவசியம்.

தயாரிப்பாளர் தரப்பு

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. "வாடிக்கையாளரிடம் பத்து ஆண்டு பழைய பிரிண்டர் இருக்கிறது. டபிள்யூ.இ.பி.யை எடுத்துவிட்டால் அது சேராது, பெட்டி பழுது என்று எங்களைத் திட்டுவார்" என்பார்கள். இது பொய்யன்று. ஆனால் பிரிண்டர் ஓடுவதன் நன்மை கண்ணுக்குத் தெரிகிறது; பூட்டு உடைவதன் தீமை தெரிவதில்லை. தெரிகிற புகாரைத் தவிர்த்துக் கொண்டு, தெரியாத அபாயத்தை வீட்டுக்காரருக்குத் தள்ளிவிடுவது எப்படி நியாயமாகும்? பழைய முறையை வைத்திருக்க வேண்டுமென்றால், "இது உடைந்த பூட்டு, ஒரு நிமிடத்தில் திறக்கலாம்" என்று அதன் பக்கத்திலேயே எழுதட்டும். அதைத் தமிழிலும் எழுதட்டும். மருந்துப் புட்டியில் எச்சரிக்கை எழுதுவதில்லையா?

பொறுப்பைத் திருப்பி வைக்க முடியும் என்பதற்கு உதாரணமும் உண்டு. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நிர்வாகப் பாஸ்வேர்டைப் போட்டு விற்பது நெடுநாள் வழக்கம். 2016இல் மிராய் என்னும் தீநிரல், அறுபது சொச்சம் அத்தகைய பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக் கொண்டு, எண்ணற்ற கேமராக்களையும் ரௌட்டர்களையும் தன் வசப்படுத்திற்று. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில், இப்படிப் பொதுப் பாஸ்வேர்டோடு இத்தகைய கருவிகளை விற்பது சட்ட விரோதம். செய்ய முடியாதது என்று சொல்லப்பட்டது, சட்டம் வந்ததும் செய்ய முடிந்ததாயிற்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை

பட்டியல் திருந்தும் வரை நாம் திருந்தியிருக்க வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அமைப்புப் பக்கத்தின் முகவரி இருக்கும். உள்ளே போனதும் முதலில் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து டபிள்யூ.பி.ஏ.3, வீட்டுக் கருவிகள் அதற்கு ஒத்து வராவிட்டால் ஏ.இ.எஸ். உடன் கூடிய டபிள்யூ.பி.ஏ.2. பிறகு ஐந்து சொற் பாஸ்வேர்டு. டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைத்துவிடுங்கள். மென்பொருள் திருத்தம் வந்திருந்தால் ஏற்றிக் கொள்ளுங்கள். மாற்றியவுடன் எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும், பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றிலும் புதிய பாஸ்வேர்டைக் கொடுத்தால் சேர்ந்துவிடும். வலையின் பெயரை மறைப்பதும், கருவிகளின் வன்பொருள் முகவரியைப் பதிந்து வைப்பதும் பூட்டுகள் அல்ல. பெயரும் முகவரியும் காற்றில் வெளிப்படையாகவே போகின்றன. கேட்பவர் கேட்டுக் கொள்ளலாம்.

பழைய பிரிண்டர் ஒன்று மட்டும் சேர மறுத்தால், அதைக் கம்பியில் இணையுங்கள். ஒரு பிரிண்டருக்காக வீடு முழுவதும் உடைந்த பூட்டைத் தொங்கவிட வேண்டாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் முடித்த பிறகு, பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெட்டியையும் அவர் அனுமதியோடு பார்த்துக் கொடுங்கள். எந்தப் பூட்டு நல்லது என்று அவருக்கு அந்தப் பட்டியல் சொல்லப் போவதில்லை. நீங்கள் சொல்லலாம், ஏன் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.